வீடு மாறியதில் செத்த முருகைத் தொட்டியை வன்னியில் மறுபடி தொடங்குவது எப்படி

வன்னியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இடமாற்றம் வராத அரசாங்க உத்தியோகத்தரை இங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். வவுனியா குருமன்காட்டில் இருந்து முள்ளியவளைக்கு மாறி வந்தபோது எங்கள் 200 லீற்றர் முருகைத் தொட்டி, அதாவது உயிருள்ள முருகை (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, ஒரு கிழமைக்குள் முழுதாகச் செத்துப்போனது. இப்போது அதே கண்ணாடியில், அதே கற்களோடு மறுபடி ஓடுகிறது. தொட்டியோடு வீடு மாறப் போகிறவர்களுக்கும், மாறி இழந்துவிட்டு வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரருக்கானவை. நம் கிணற்றுத் தண்ணீர், நம் வெயில், நம் கரண்ட் எதுவும் அவற்றில் இல்லை.

செத்தது எது?

மீன் சாவது கடைசியில்தான். அதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று செத்திருக்கும். மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாக மாறும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். இன்னொருவகை அதை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று ஓரளவு இருந்தால் பாதகமில்லை. இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் மண்ணிலும் வடியிலும் (தண்ணீரை வடிகட்டும் கருவி) ஒட்டி வாழ்பவை. தண்ணீருக்குள் மிதப்பவை மிகக் கொஞ்சம். அதனால் பழைய தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுபோனாலும் தொட்டி உங்களோடு வராது. கல் உயிரோடு வந்தால்தான் தொட்டி வந்ததாகக் கணக்கு.

கல்லுக்குள் இன்னும் பலர் குடியிருக்கிறார்கள். பஞ்சுயிரிகள், குழாய்ப் புழுக்கள், சின்னச் சின்னச் சிப்பிகள். பஞ்சுயிரிக்குக் காற்றுப் பட்டாலே ஆகாது. தண்ணீரை விட்டு வெளியே இருந்த கல்லை மறுபடி தண்ணீரில் போடும்போது பார்ப்பதற்கு முன்போலவே இருக்கும். இரண்டு மூன்று நாளில் உள்ளே செத்தவை அழுகத் தொடங்கும். மண்ணின் கதை இன்னும் மோசம். வருடக்கணக்காகக் கிடந்த மண்ணின் அடியில் ஒட்சிசன் போகாது. அங்கே தேங்கிய அழுக்கும் ஐதரசன் சல்பைட்டும் தொட்டியை அசைக்கும்போது மேலே வரும். அழுகிய முட்டை மணம் வந்தால் அதுதான்.

எங்களுக்கு இவை எல்லாம் ஒன்றாக வந்தன. விடிய மழை, லொறி பிந்தியது, ஏ9 வீதியில் மாங்குளம் வந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பும்போதே மத்தியான வெயில். கற்கள் ஈரச் சாக்கில் சுற்றியிருந்தன. மண் தொட்டியின் அடியில் அப்படியே இருந்தது. புது வீட்டில் அன்றிரவு கரண்ட் நின்றது. மறுநாள் காலையில் தண்ணீர் கஞ்சித் தண்ணி போலக் கலங்கி நின்றது. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அமோனியா பார்க்கப் பரிசோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, முதல் போத்தலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தேன். மஞ்சளாக நிற்கவேண்டியது விட்ட உடனேயே பச்சைக்குப் போய், ஐந்து நிமிடம் முடியும்போது கடும்பச்சை. கடல்நீரின் பிஎச் 8.2க்குக் கிட்ட இருப்பதால், அதே அளவு அமோனியா நடுநிலையான நன்னீரில் செய்வதைவிட அங்கே பல மடங்கு கெடுதல் செய்யும். சூடு கூடக்கூட இன்னும் கெடுதல்.

உங்கள் தொட்டி இந்த நிலையில் இருந்தால், செத்ததை எல்லாம் உடனே வெளியே எடுங்கள். புது உப்புத் தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். காற்றுப் பம்பைப் போடுங்கள். அமோனியாவைக் கட்டும் மருந்து வீட்டில் இருந்தால் விடுங்கள். உயிரோடு இருக்கும் மீனை வேறு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றுவது இவை எல்லாவற்றையும் விட முக்கியம். தொட்டியைக் காப்பாற்ற மீனை அதிலேயே வைத்துப் போராடாதீர்கள். தொட்டியைப் பிறகு கட்டலாம்.

இனி மாறப் போகிறவர்களுக்கு

புது வீட்டுக்குத் தளபாடம் போவதற்கு முன் தண்ணீர் போகவேண்டும். தொட்டி கொள்ளும் அளவில் பாதியாவது புது உப்புத் தண்ணீர் கலந்து, மூடிய பரலில் பம்ப் போட்டு, வந்து சேரும் நாளுக்கு முன்னரே தயாராக இருக்கட்டும். கரண்ட் இணைப்பு உங்கள் பெயருக்கு மாறி, விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே நாள் குறியுங்கள். நல்லநாள் பார்க்கிற வீடுகளில் இதையும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல்நாள் மீனுக்குத் தீன் போடவேண்டாம். வயிறு வெறுமையாக இருந்தால் வழியில் தண்ணீரைக் கெடுக்காது. புறப்படும் அன்று வரிசை இப்படி: மண்ணைக் கலக்காமல் மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரை முதலில் உறிஞ்சி எடுத்து வையுங்கள். அந்தத் தண்ணீரில் முருகைகளை எடுங்கள். பிறகு கற்களை எடுத்து, தண்ணீருக்குள் அமிழ்ந்தபடியே மூடியுள்ள பரலில் வையுங்கள். ஈரச்சாக்கு, ஈரப் பேப்பர் எதுவும் போதாது. பாரம் கூடத்தான், லொறிக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மீனைக் கடைசியில் பிடியுங்கள். கல் இல்லாத, தண்ணீர் குறைந்த தொட்டியில் மீன் ஒளிய இடமிருக்காது. துரத்தி அதைக் களைக்கவைக்கத் தேவையில்லை.

மண்ணை எறிந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தொட்டிக்கென்று விற்கும் புது அரகனைட் (சுண்ணாம்பு) மண்ணின் விலை, அதனால் போகக்கூடிய உயிர்களின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

மீனையும் முருகையையும் கொண்டுபோக மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி மிக நல்லது. வெளிச்சூடு உள்ளே வராது. பழைய பெட்டி என்றால் சவர்க்காரம் போடாமல் உப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே புதுப் பொலித்தீன் விரியுங்கள். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று. விடிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏற முன் வன்னியின் எந்த மூலைக்கும் போய்விடலாம். போனதும் கட்டிலை இறக்க முன் தொட்டியை இறக்குங்கள். மேசன்மார் பிடிக்கும் நீர்மட்டத்தைத் தொட்டி நிற்கும் மேசைமேல் வைத்துப் பார்த்துச் சமன் செய்து, கல்லைத் தண்ணீருக்குள் சேர்த்து, பம்பை ஓடவிட்டு, அதன் பிறகு தேநீர் குடிக்கலாம். அன்றிரவும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் அமோனியா பாருங்கள். கலங்காத தண்ணீரிலும் அமோனியா இருக்கலாம்.

வெறும் தொட்டியைச் சுத்தம் செய்வது

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தொட்டியில் சோவாந்திட் என்ற பொத்தான் மாதிரி முருகைகள் இருந்திருந்தால், அவற்றில் சில இனங்களில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. செத்த கல்லைச் சுத்தமாக்க என்று கொதிநீர் ஊற்றுவதோ அடுப்பில் வைத்து அவிப்பதோ கூடவே கூடாது. ஆவியோடு நஞ்சு மூக்குக்குள் போகும். அப்படிக் கல்லைக் கொதிக்கவைத்து, வீட்டில் இருந்த எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். காய்ந்த கல்லைத் தூரிகையால் உரஞ்சித் தூசி கிளப்பாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

நான் செய்தது இது. வீட்டுக்குப் பாவிக்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. வெளியே மரநிழலில் வைத்த பரலில் கற்களை ஒரு நாள் ஊறவிட்டேன். அழுகிய சதை எல்லாம் கழன்று வந்தது. நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில் ஊறவைத்து, பிறகு முற்றத்தில் காயவிட்டேன். நம் வெயிலுக்கு இரண்டு கிழமை போதும். மூக்குக்குக் கிட்ட வைத்தால் குளோரின் மணம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. கண்ணாடியிலும் பம்பிலும் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பை வினாகிரி கரைக்கும். ஆனால் பிளீச்சும் வினாகிரியும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. குளோரின் வாயு வரும். ஒன்றை முழுதாக அலசிக் காயவைத்த பிறகே மற்றதை எடுங்கள்.

காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியின் மூட்டுகளை ஒட்டிய சிலிக்கன் சிலவேளை விட்டிருக்கும். முற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

புதுக் கல் தேவைப்பட்டால் செயற்கைக் கல் வாங்குங்கள். கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லை என்றாலும் எடுக்கக்கூடாது. 1998இல் கடல் சூடேறி நம் கரையோர முருகைகள் பெருமளவு வெளிறிச் செத்தன. 2016இல் மறுபடி வெளிறின. மிஞ்சியிருப்பது தானாக வளரட்டும். கடையில் உயிருள்ள முருகை வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், இறக்குமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கல்முருகை இனங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பவை. பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு வரமுடியாது. பதில் சொல்லத் தயங்குகிற கடையில் நான் ஒன்றும் வாங்குவதில்லை.

தண்ணீர்

வன்னியில் இந்தப் பொழுதுபோக்கு நிற்பதும் விழுவதும் தண்ணீரில்தான். கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். வயலுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் பசளையின் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும். அதை நேரே தொட்டிக்கு விட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

சிறுநீரக நோய்ப் பயத்தால் இப்போது வன்னியில் பல ஊர்களில் ஆர்ஓ குடிநீர், அதாவது நுண்ணிய சவ்வால் வடித்த தண்ணீர், விற்கிறார்கள். அது நமக்கு வசதி. ஆனால் குடிப்பதற்குச் சுத்தமான தண்ணீர் முருகைக்குச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று இல்லை. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் ஒரு ரிடிஎஸ் மீற்றர் வாங்கி, ஒவ்வொரு கானையும் பாருங்கள். ஒரு நாள் 15 காட்டும் அதே இடத்துத் தண்ணீர், சவ்வு பழசாகும்போது 60 காட்டும். கடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்; குடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அந்தத் தண்ணீரை மிச்சம் கரைந்திருப்பதைப் பிடிக்கும் ஒரு சின்ன டிஐ பிசின் குழாய்க்குள்ளால் விட்டு, மீற்றர் 0 காட்டிய பிறகே உப்புக் கலக்கிறேன். ஆர்ஓ முதலில் பெரும்பங்கை எடுத்துவிடுவதால் பிசின் கனகாலம் போகும்.

அடுத்தது உப்பு. ஆனையிறவு உப்பளம் பக்கத்தில்தானே, அந்த உப்பைக் கரைத்தால் என்ன என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியமும் குளோரைட்டும் சேர்ந்து ஏறத்தாழ 85 வீதம். மிச்சத்தில் மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம், சல்பேற்று, காபனேற்று எல்லாம் உண்டு. உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படியும், பிறகு கறியுப்பு விளையும், மக்னீசியம் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். சமையலுக்கு நல்ல உப்பு என்றால் அந்த மிச்சங்கள் கழிந்த உப்பு என்று அர்த்தம். முருகை எலும்பு கட்டுவது அந்த மிச்சங்களால். எனவே முருகைத் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடலுப்புத்தான் வேண்டும். லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் வரை, உப்பின் வகையைப் பொறுத்து. 200 லீற்றருக்கு ஏழு கிலோவுக்கு மேல். என் தம்பி கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிடுவான். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். வாளியின் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டச் சொல்லுங்கள்.

கடல் பக்கத்தில் இருக்கும்போது கடல்நீரையே எடுக்கலாமே என்பதும் நியாயமான கேள்வி. எடுக்கலாம், காலம் பார்த்து. முல்லைத்தீவில் தொழில் செய்யும் அண்ணை ஒருவரிடம் நான் முதன்முதல் கேட்டது கார்த்திகை மாதம். அவர் தலையை ஆட்டிவிட்டார். "வாடைக்குத் தண்ணி அள்ளாதை தங்கச்சி. வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டினா கடல் முழுக்கக் கலங்கல்தான். சோளகத்துக்கு வா, வெளிக்கடல்ல அள்ளித் தாறன்." அவர் சொன்னது அப்படியே சரி. வாடை வீசும் மழைக்காலத்தில் நந்திக்கடல், நாயாறு களப்புகள் கடலோடு சேரும்போது வயல் தண்ணீர், சேறு, பசளை எல்லாம் கரையோரம் வந்து உப்பைக் குறைத்துவிடும். கடல் அமைதியான சோளகக் காலத்தில், கரையை விட்டு நன்றாக வெளியே, படகின் எண்ணெய் படாத பக்கமாக அள்ளியது நல்ல தண்ணீர். கொண்டுவந்ததை இருட்டில் மூடி இரண்டு கிழமை வைத்து, அடியில் படிந்ததை விட்டுத் தெளிந்ததை எடுத்து, உப்பளவு பார்த்துப் பாவியுங்கள்.

உப்பளவு பார்ப்பதற்கு மிதக்கும் பிளாஸ்ரிக் கருவியை நம்பாதீர்கள். ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள். சாய்ந்த கண்ணாடிமேல் இரண்டு சொட்டு விட்டு, குமிழி வராமல் மூடியைச் சாத்தி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடு 35இல், அதாவது அடர்த்தி 1.026க்குக் கிட்ட நிற்கவேண்டும். கருவியைச் சரிபார்க்கும்போது வெறும் தண்ணீரில் 0 வைத்து விட்டுவிடாமல், 35க்கென்று விற்கும் சரிபார்ப்புக் கரைசலால் பாருங்கள். ஆய்வுகூடத்தில் எந்தக் கருவியையும் நாங்கள் அளக்கப்போகும் அளவுக்குக் கிட்டவே சரிபார்ப்போம். இங்கேயும் அதே நியாயம்தான்.

கரண்டும் வெயிலும் புகையும்

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தளவு இப்போது இல்லை என்றாலும், மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் வன்னியில் இரவு முழுக்க இருட்டுத்தான். அந்த இரவுக்கு லைட் வேண்டாம், அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் வேண்டாம். தண்ணீரை அசைக்கும் ஒரு பம்ப் மட்டும் ஓடினால் போதும். 10 வாற் பம்ப் ஒன்றை இன்வேட்டரோடு 12 வோல்ற் 100 ஆம்பியர்-மணிப் பற்றரியில் கொடுத்தால், பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமலே ஒரு நாளுக்கு மேல் ஓடும். அதற்கும் வசதி இல்லையென்றால் யூஎஸ்பியில் சார்ச் ஏறும் காற்றுப் பம்ப் இரண்டு. சூடான உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு; அதனால்தான் நம் ஊரில் பம்ப் நின்ற தொட்டி குளிர்நாட்டுத் தொட்டியைவிடச் சீக்கிரம் மூச்சுத் திணறும்.

சூட்டை 26, 27 பாகையில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 32 ஏறும். தண்ணீரின் மேற்பரப்புக்குக் குறுக்காக ஒரு சின்ன விசிறி ஊதினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்று காய்ந்திருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். மாரியில் ஈரக் காற்றில் அவ்வளவு இறங்காது, அப்போது தேவையும் இல்லை. விசிறி போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே வற்றியதற்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீர்தான் விடவேண்டும். தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு கீறி வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்கள். என் மகள் பள்ளிக்கூடம் போகமுன் செய்கிற முதல் வேலை அது.

நுளம்புக்குப் புகை அடிக்க வருகிற அன்று வீட்டு யன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத் துணியாலும் பொலித்தீனாலும் மூடி, வெளிக்காற்றை இழுக்கும் காற்றுப் பம்பை மட்டும் நிறுத்துங்கள். அந்த மருந்து இறாலையும் நண்டையும் கொல்லும். நுளம்புத்திரியும் தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிடுவது

தண்ணீர், கல், புது மண் எல்லாம் போட்டாயிற்று. பம்ப் ஓடுகிறது. பிள்ளைகள் எப்போது மீன் வரும் என்று கேட்பார்கள். இன்னும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். பிளீச்சில் ஊறிய கல் செத்த கல். அதில் பற்றீரியாவை மறுபடி குடியேற்றவேண்டும். போத்தலில் விற்கும் பற்றீரியாவை விடலாம். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு கைப்பிடி கல் தந்தால் அதைவிட நல்லது.

பற்றீரியாவுக்குத் தீன் அமோனியா. சுத்தமான அமோனியம் குளோரைட்டு கிடைத்தால் அளந்து போடலாம். 200 லீற்றர் தொட்டியில் கல்லும் மண்ணும் இடம்பிடித்தால் மிஞ்சும் தண்ணீர் 160 லீற்றர் அளவுதான். அதற்கு 1 கிராம் கரைத்து விட்டால் அமோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பாவிக்கும் நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனால் அதில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால் போடாதீர்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு பச்சை இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிடலாம். மணக்கும், அளவு தெரியாது, ஆனால் வேலை நடக்கும்.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியாவும் நைத்திரைற்றும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். முதலில் அமோனியா இறங்கத் தொடங்கும், நைத்திரைற்று ஏறும். அது இறங்கத்தான் பொறுமை வேண்டும். சிலவேளை கிழமைக்கணக்கில் அசையாமல் நிற்கும். அமோனியா 0க்கு வந்தால் மறுபடி கொஞ்சம் போடுங்கள். 2 பிபிஎம் அமோனியா போட்டு 24 மணித்தியாலத்தில் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் 0 காட்டினால் கல் உயிர்பெற்றுவிட்டது. இதற்கு இடையில் லைட் போடவேண்டாம். பாசிக்கு முன்கூட்டியே அழைப்பு வைத்ததாகிவிடும்.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு லைட்டைப் போட்டால் சில நாளில் மண் முழுக்கப் பழுப்புத் தூள் படியும். பிறகு பச்சைப் பாசி வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம்விட்டு மருந்து ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். பழுப்பு தயற்றம் என்ற நுண்பாசி, தண்ணீரில் உள்ள சிலிக்கா முடிய அதுவும் முடியும். பச்சைக்கு நத்தைகள் விடுங்கள், லைட் நேரத்தைக் குறையுங்கள், கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். கல்லில் எங்காவது ஊதாப் புள்ளி தெரிந்தால் சந்தோஷப்படலாம்; சுண்ணாம்புப் பாசி வரத் தொடங்கிவிட்டது, தொட்டி நிலைக்கு வருகிறது.

யாரை முதலில் விடுவது?

நத்தைகள், பிறகு பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு சோடி. கடலில் பிடித்ததைவிடப் பண்ணை மீன் தூள் தீனுக்குப் பழகியிருக்கும், நோயும் குறைவு. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றும் சேர்க்காமல் இருங்கள். நைத்திரேற்று 10 பிபிஎம்முக்குக் கீழே, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கல்சியம் 420 பிபிஎம் அளவில், மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் அசையாமல் நின்றால் மஷ்ரூம் முருகை ஒன்று வையுங்கள். குறைந்த வெளிச்சத்திலும் கொஞ்சம் அழுக்கான தண்ணீரிலும் வாழும் சீவன் அது. அது விரிந்து ஒட்டிக்கொண்டால் அடுத்ததை யோசிக்கலாம். கல்முருகைகளை ஒரு வருடம் போகட்டும் என்று நான் விட்டிருக்கிறேன்.

நீங்கள் முதல் தொட்டியில் எதை வைத்திருந்தீர்களோ அதையே அதே இடத்தில் உடனே வைக்க மனம் ஆசைப்படும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. புதிதாக உயிர்பெற்ற கல் பழைய தொட்டி தாங்கிய பாரத்தைத் தாங்காது. முந்தியது சேர்ந்து வந்த வேகத்தை நினைத்துப் பார்த்து, அதைவிட மெதுவாகச் சேருங்கள்.

புதிதாக வரும் எந்த மீனையும் நேரே தொட்டிக்குள் விடாமல் தனிப் பாத்திரத்தில் நான்கு கிழமை வைத்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, ஒரு வடி, ஒளிய இரண்டு துண்டு பிவிசி குழாய் போதும். வெண்புள்ளி நோய் முருகைத் தொட்டிக்குள் வந்துவிட்டால் மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொட்டியை மீன் இல்லாமல் ஆறு கிழமைக்குக் குறையாமல் விடவேண்டும். பலர் 76 நாள் விடுகிறார்கள். அந்த நோய்க்கு விடும் செம்பு மருந்து தனிப் பாத்திரத்துக்கு மட்டும்தான். முருகை, நத்தை, இறால் எதுவும் செம்பைத் தாங்காது. செம்பு விட்ட பெட்டியில் இருந்த வடியையோ குழாயையோ கல்லையோ பெரிய தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பெட்டியின் மூடியில் சிவப்பு மார்க்கரால் எழுதி, வலையையும் வாளியையும் அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.